பத்துக்கு எத்தின எண்டு டொக்டர் கேட்டா என்ன சொல்றது?

எண்டோமெட்ரியோசிஸ் பத்தி போன இதழ்ல ஒரு வாசகிக்கு நாலு வரியில பதில் போட்டிருந்தன். அதுக்குப் பிறகு வந்த கடிதம், வட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பாத்தா கன பேர் கேக்கிறது ஒரே விசயம்தான், இந்த நோவை எப்பிடிச் சொல்லி மற்ற ஆக்களுக்கு விளங்கப்படுத்துறது எண்டு. அதால இந்த முறை பக்கம் முழுக்க அதுக்குத்தான், தலைமயிர் கொட்டுது எண்டு எழுதின ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ. புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு வரி: கர்ப்பப்பைக்கு உள்ளுக்கு இருக்கிற சவ்வு மாதிரியான திசு வெளியில, சூலகத்தில, கர்ப்பப்பைக்குப் பின்னால, குடல், சலப்பை பக்கமெல்லாம் வளர்ற வருத்தம் இது. உலக சுகாதார ஸ்தாபனத்தின்ட கணக்குப்படி பிள்ளை பெறுற வயசில இருக்கிற பொம்பிளையள்ல பத்தில ஒராளுக்கு, அதாவது 19 கோடி பேருக்கு இருக்கு.

கேள்வி: அக்கா, நான் கொள்ளுப்பிட்டியில ஒரு ஒபிஸ்ல வேலை செய்யிறன். பீரியட் வந்தா முதல் ரெண்டு நாளும் கட்டிலால எழும்ப ஏலாது, நாரி நோ, கால் உளைவு, சத்தி எல்லாம் சேர்ந்து வரும். ஒரு டொக்டரை சனல் பண்ணிப் போனன், ரெண்டு மணித்தியாலம் இருந்து உள்ள போனா அஞ்சு நிமிசத்தில முடிஞ்சுது. "நோ பத்துக்கு எத்தின" எண்டு கேட்டார். பத்து எண்டா நடிக்கிறன் எண்டு நினைப்பார் எண்டு ஆறு எண்டு சொல்லிட்டன், அவரும் ஆறு எண்டு எழுதி பெயின் கில்லர் தந்து அனுப்பிட்டார். வாற வழியில பஸ்ல இருந்து அழுதன். நான் என்ன சொல்லியிருக்கோணும்?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, நீங்க சொன்ன ஆறை விட அவர் கேட்ட விதத்திலதான் எனக்குக் கோவம். 0 எண்டா நோ இல்ல, 10 எண்டா உங்களால நினைச்சுப் பாக்கக்கூடிய ஆக மோசமான நோ, இதுதான் அந்த அளவு. ஆராய்ச்சியிலயும் இதைத்தான் பாவிக்கினம், சில இடத்தில இலக்கத்துக்குப் பதிலா 10 சென்ரிமீற்றர் கோடு ஒண்டு கீறித் தந்து அதில ஒரு அடையாளம் போடச் சொல்லுவினம். அளவில பிழையில்ல. ஆனா எப்ப உள்ள நோவைக் கேக்கினம்? இப்ப ஏசி ரூமில கதிரையில இருக்கேக்க உள்ளதையா, பீரியட் வந்த முதல் நாள் விடியக்காலமை உள்ளதையா, மாசம் முழுக்க சேர்த்துப் பாத்து சராசரியாவா? கேக்கிறவர் சொல்லேல்ல எண்டா நீங்க பிரிச்சுச் சொல்லுங்கோ, "கடைசி பீரியட்ல ஆகக் கூடினது ஒன்பது, மற்ற நாள்ல மூண்டு, இப்ப ஒண்டு" எண்டு. மூண்டு இலக்கம் சொல்ல எவ்வளவு நேரம் போகப் போகுது.

அடுத்தது இந்த பத்து எண்ட கதை. எங்கட பொம்பிளையளுக்கு பத்து எண்டா அது பிள்ளைப்பேறு நோ, அதுக்கு மேல ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு சின்னனில இருந்து கேட்டு வளந்தது, அதால பிள்ளை பெறாத ஆக்கள் தாங்களே ரெண்டு மூண்டு மார்க்ஸ் குறைச்சுத்தான் சொல்லுவினம். நான் வாட்ல நேர்ஸா இருந்த காலத்தில கண்டது, ஆக நோகிற ஆக்கள் சத்தமே போட மாட்டினம், தலகாணியை ரெண்டா மடிச்சு அடிவயித்தில அமத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கொண்டிருப்பினம், கேட்டா "பரவாயில்ல மிஸ்ஸி, அஞ்சு இருக்கும்" எண்டு சொல்லுவினம்.

அதால இலக்கத்தை மட்டும் தனியா விடாதேங்கோ, அந்த நோ உங்கள என்ன செய்ய விடேல்ல எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ. 1981லயே பிபெரோக்லு, பேர்மன் எண்ட ரெண்டு பேர் எண்டோமெட்ரியோசிஸுக்கு எண்டு ஒரு அளவு கொண்டு வந்தவை, அதில பீரியட் நோவுக்கு 0ல இருந்து 3 வரைக்கும் மார்க்ஸ். வேலை செய்யிற வேகம் கொஞ்சம் குறைஞ்சா 1, நாள்ல கொஞ்ச நேரம் படுக்க வேண்டி வந்து இடைக்கிடை வேலைக்குப் போக ஏலாம இருந்தா 2, ஒரு நாளோ அதுக்கு மேலயோ கட்டில்ல கிடந்தா 3, அதுக்கு மேல அதில மார்க்ஸே இல்ல. இப்ப உங்கட கடிதத்தை நீங்களே திருப்பி வாசியுங்கோ, ரெண்டு நாள் எழும்ப ஏலாது எண்டு எழுதியிருக்கிறீங்க. உங்கட வாயால வந்தது ஆறு, இந்த அளவில நீங்க நிக்கிறது ஆக உச்சியில!

அந்த அளவிலயும் எனக்கு ஒரு குறை இருக்கு. லீவு எடுக்க ஏலாத பிள்ளை, கார்மண்ட்ல நிக்கிற பிள்ளை, ஒரு நாள் போகாட்டி சம்பளத்தில வெட்டு எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு போகுதே, அதுக்கு அந்த அளவுப்படி மார்க்ஸ் குறைவு, நோ குறைவே? 2011ல வந்த ஒரு பெரிய ஆய்வு, பத்து நாடு, 1418 பொம்பிளையள், அதில இந்த வருத்தம் உள்ள ஆக்களுக்கு ஒரு கிழமையில சராசரியா 10.8 மணித்தியால வேலை வீணாப் போகுது எண்டு கண்டவை, அதில பெரும்பங்கு லீவு போட்டதால இல்ல, வேலைக்குப் போய் மேசையில இருந்துகொண்டே வேலை ஓடாததால. உதைத்தான் நீங்களும் எழுத வேணும். "செவ்வாய், 100 பஸ்ல நிண்டு வர ஏலாம பம்பலப்பிட்டியில இறங்கி கால் மணித்தியாலம் இருந்திட்டுப் போனன், மத்தியானம் சாப்பிடேல்ல, ஒரு ரிப்போர்ட்டை மூண்டு தரம் பிழையா அடிச்சன்", இப்பிடி ஒரு வரியைப் பாத்தா எந்த டொக்டரும் ஆறு எண்டு எழுதிட்டு விட ஏலாது.

இன்னொண்டு, குளிசை. பொன்ஸ்டன் எண்ட பெயின் கில்லர் ரெண்டு போட்டதுக்குப் பிறகு வந்த ஆறும் ஒண்டும் போடாம வந்த ஆறும் ஒண்டில்ல தானே. இந்த வருத்தத்தின்ட நோவுக்குக் குடுக்கிற எலகோலிக்ஸ் எண்ட மருந்தின்ட ஆய்வு 2017ல வந்தது, அதில நோ குறைஞ்சா மட்டும் போதாது, போடுற பெயின் கில்லர் கூடாமலும் இருக்கோணும், அப்பதான் மருந்து வேலை செய்தது எண்டு கணக்கெடுத்தவை. நீங்களும் ஒவ்வொரு நாளும் என்ன குளிசை, எத்தின, எத்தின மணிக்கு எண்டு எழுதுங்கோ. (வெறும் வயித்தில போடாதேங்கோ, ஆஸ்மா, வயித்துப்புண் இருந்தா முதல் கேட்டுட்டுப் போடுங்கோ.)

கேள்வி: மேடம், என் மகளுக்கு 17 வயசு, அடுத்த வருஷம் ஏ எல். மாசா மாசம் ரெண்டு மூணு நாள் ஸ்கூல் போறதில்ல, கிளாஸும் கட், வயித்த புடிச்சிட்டு சுருண்டு படுத்துக்குவா, வாந்தியும் எடுப்பா. ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல்னு வந்துச்சு. என் அம்மா சொல்றாங்க எங்க காலத்துல எங்களுக்கும் இப்பிடித்தான், கல்யாணம் கட்டினா சரியாப் போகும்னு. படிக்க கள்ளத்துல நடிக்கிறாளோன்னு என் வீட்டுக்காரர் கேக்கிறார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.
(ஒரு தாய், கொட்டாஞ்சேனை)

பதில்: நடிப்பில்ல அம்மா. வாந்தியை மாசா மாசம் யாரும் நடிக்க மாட்டினம்.

ஸ்கேன் நார்மல் எண்டா வருத்தம் இல்ல எண்டு அர்த்தமில்ல. சூலகத்தில கட்டி இருந்தா ஸ்கேன்ல தெரியும், வயித்துக்குள்ள சவ்வில மேலோட்டமா படிஞ்சிருக்கிற புள்ளியள் அனேகமா தெரியாது. ஐரோப்பிய டொக்டர்மாரின்ட சங்கம் 2022ல போட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்லுது, ஸ்கேன் சுத்தமா இருந்தாலும் சந்தேகத்தை விட வேண்டாம், அதே நேரம் உடனே கீஹோல் ஒபரேசன் (வயித்தில சின்ன ஓட்டை போட்டு கமரா விட்டுப் பாக்கிறது) செய்துதான் உறுதிப்படுத்தோணும் எண்டும் இல்ல, முதல்ல மருந்தைக் குடுத்துப் பாக்கலாம் எண்டு. கல்யாணம் ஆகாத பிள்ளை எண்டதால உள்ளால செய்யிற ஸ்கேனுக்கு நீங்க பயப்பிடத் தேவையில்ல, வயித்துக்கு மேலால எடுக்கலாம், தேவையெண்டா எம்ஆர்ஐ இருக்கு.

அம்மம்மா சொன்னதை நான் தட்டிக் கழிக்க மாட்டன். அவங்களுக்கும் இப்பிடித்தான் இருந்துது எண்டா அதைக் கட்டாயம் டொக்டரிட்ட சொல்லுங்க, ஏனெண்டா இந்த வருத்தம் குடும்பத்தில ஒராளுக்கு இருந்தா மற்ற ஆக்களுக்கு வாற சான்ஸ் கூட. அவங்களைக் கேக்க ஆளில்லாம போயிருக்கு, அவ்வளவுதான். அறிகுறி தொடங்கி பேர் வைச்சுச் சொல்லிறதுக்கு 4ல இருந்து 12 வருசம் போகுதாம் உலகத்தில, 17 வயசுப் பிள்ளைக்கு 12 வருசத்தைக் கூட்டிப் பாருங்க. கல்யாணம் இதுக்கு மருந்தில்ல.

பள்ளிக்கூடப் பிள்ளையின்ட நோவை அளக்க உங்கட கையிலயே ஒரு நல்ல சாமான் இருக்கு, ஸ்கூல் வரவு. எந்தெந்தத் தேதி போகேல்ல, எந்தக் கிளாஸ் விட்டது, எந்தத் தேர்மில எத்தின நாள் எண்டு எடுத்து பீரியட் தேதியோட பக்கத்தில பக்கத்தில எழுதுங்க, அப்பாவுக்கும் அந்தத் தாளைக் காட்டுங்க. நோவுக்கு மார்க்ஸ் போடுறதை மட்டும் மகளிட்ட விடுங்க, நீங்க பக்கத்தில நிண்டு "அவ்வளவு இல்லையே" எண்டு சொல்லாதீங்க. பிறகு ஓபிடியிலயோ உங்கட குடும்ப டொக்டரிட்டயோ ஒரு கடிதம் வாங்கி காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி இல்லாட்டி டி சொய்சா, எது கிட்டவோ அங்க பெண்நோயியல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்க, காசு தேவையில்ல. ஹோர்மோன் குளிசை தந்தா "கருத்தடைக் குளிசையை என்ட பிள்ளைக்கோ" எண்டு பதற வேண்டாம், பீரியடை அடக்கி நோவைக் குறைக்கத்தான் அது. திடீரெண்டு என்றும் இல்லாத மாதிரி நோ வந்து மயக்கம், காய்ச்சல் எண்டா கிளினிக் நாள் பாக்காம 1990க்கு அடியுங்க, அம்புலன்ஸ் வரும்.

கேள்வி: எனக்கு கீஹோல் ஒபரேசன் செய்து "ஸ்டேஜ் 1" எண்டு ரிப்போர்ட்ல போட்டிருக்கினம். அதைக் கேட்டதில இருந்து வீட்டில "ஒண்டுதானே, தொடக்கம்தானே, இதுக்குப் போய் இந்தப் பாடா" எண்டு மாமி முதல் எல்லாரும் கதைக்கினம். உண்மையில எனக்கு நோ சரியான மோசம்.
(தெஹிவளை)

பதில்: கான்சர் ஸ்டேஜ் எண்டு கேட்டுப் பழகின காதுக்கு அப்பிடித்தான் படும். இந்த ஸ்டேஜ் வேற. ஒபரேசன் செய்யேக்க கண்ணால கண்ட புள்ளி எவ்வளவு பெருசு, எங்க இருக்கு, உறுப்புகள் ஒண்டோட ஒண்டு எவ்வளவு ஒட்டியிருக்கு எண்டு பாத்து மார்க்ஸ் போட்டுக் கூட்டுறது, 1ல இருந்து 5 வந்தா ஸ்டேஜ் 1, 15 வரை 2, 40 வரை 3, அதுக்கு மேல 4. இதில நோ பத்தி ஒரு கேள்வியும் இல்ல! 2007ல ஆயிரம் பேருக்கு மேல பாத்த இத்தாலி ஆய்வில ஸ்டேஜுக்கும் நோவுக்கும் சொல்லிக்கொள்ளுற மாதிரி தொடர்பு இல்ல எண்டுதான் வந்தது. ஸ்டேஜ் 4 இருந்தும் நோவே இல்லாம, பிள்ளை தங்கேல்ல எண்டு செக் பண்ணப் போய்க் கண்டுபிடிச்ச ஆக்களும் இருக்கினம். கால்ல முள்ளுக் குத்தினா முள்ளின்ட நீளத்தை அளந்து பாத்தோ நோவுக்கு அளவு சொல்றது? மாமிக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ, கேக்காட்டி விட்டுட்டு டொக்டரிட்ட அடுத்த முறை போகேக்க ஸ்டேஜைக் கதைக்காம நோவைக் கதையுங்கோ.

கேள்வி: வணக்கம். என் மனைவிக்கு இந்த வருத்தம் இருக்கு. லண்டன்ல இருக்கிற அண்ணி அங்க கிளினிக்ல குடுத்ததுன்னு 30 கேள்வி உள்ள ஒரு ஃபோர்ம் அனுப்பினாங்க. அத நானே தமிழாக்கி மனைவிக்கிட்ட கேட்டு நிரப்பலாமா? மார்க்ஸ் எப்படிப் போடுறது? நோவு பத்தி கேள்வி கொஞ்சம்தான் இருக்கு, மத்ததெல்லாம் மனசு, கவலைன்னு போகுது, இது சரியான ஃபோர்ம்தானா?
(கணவர், வத்தளை)

பதில்: தம்பி, மனிசிக்காக இவ்வளவு மினைக்கெட்டு எழுதியிருக்கிறீங்க, சந்தோசம். நீங்க சொல்றதை வைச்சுப் பாத்தா அது ஈஎச்பி-30 எண்ட ஃபோர்ம், ஒக்ஸ்ஃபோர்ட்ல செய்து 2001ல வெளிவந்தது. அதின்ட விசேசம் என்னெண்டா கேள்வியளை டொக்டர்மார் மேசையில இருந்து யோசிச்சு எழுதேல்ல, வருத்தம் உள்ள பொம்பிளையளோட முதல் இருந்து கதைச்சு, அவை சொன்னதில இருந்து எடுத்தது. அதாலதான் நோவுக்கு 11 கேள்வியும் மிச்சம் 19 கேள்வி மற்ற விசயத்துக்கும் வந்தது: வருத்தம் தன்னை ஆட்டிப்படைக்குது, தன்ட கையில ஒண்டும் இல்ல எண்ட எண்ணத்துக்கு 6, மனநிலைக்கு 6, சுத்தியிருக்கிற ஆக்கள் விளங்கிக்கொள்ளுகினமா எண்டதுக்கு 4, தன்ட தோற்றத்தைப் பத்தி என்ன நினைக்கிறா எண்டதுக்கு 3. உங்களுக்கு அது சம்பந்தமில்லாததாப் படுது, அவவிட்டக் கேட்டுப் பாருங்கோ. இதுக்கு மேல வேலை, பிள்ளையள், தாம்பத்தியம், பிள்ளை தங்காதது, டொக்டர்மார் நடத்துற விதம், வைத்தியம் எண்டு தேவைக்கு ஏத்த மாதிரிச் சேர்க்கிற பகுதியளும் இருக்கு. நேரமில்லாத இடத்துக்கு எண்டு ஈஎச்பி-5 எண்டு சுருக்கினதும் இருக்கு.

கடைசி நாலு கிழமையில எப்பிடி எண்டுதான் எல்லாக் கேள்வியும், "ஒரு நாளும் இல்ல"ல இருந்து "எப்பவும்" வரைக்கும் அஞ்சு விடை. ஒவ்வொரு பகுதிக்கும் 0ல இருந்து 100 வரை கணக்குப் போடுறது, இங்க 100 எடுத்தா ஆக மோசம், பள்ளிக்கூட மார்க்ஸுக்கு நேர் எதிர், அதைக் குழப்பிக்கொள்ளாதேங்கோ.

நீங்களே தமிழாக்கி மார்க்ஸ் போடுறது வேண்டாம். அந்த ஃபோர்ம் பாவிக்க அனுமதி எடுக்கோணும், அதை விட முக்கியம், வேற மொழிக்குக் கொண்டு போகேக்க அந்த மொழி ஆக்களிட்டக் குடுத்துச் சோதிச்சுத்தான் பாவிக்கிறது, ஒரு சொல் கூடிக் குறைஞ்சாலே மார்க்ஸ் மாறும், அந்த மார்க்ஸை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. ஆனா வாசிச்சுப் பாத்து அதில உள்ள தலைப்புகளை வைச்சு ரெண்டு பேரும் இருந்து கதைக்கிறதை யார் தடுக்கிறது? கதைக்கேக்க அவ சொல்றதை அவவே சொல்லட்டும், "இல்ல நீ போன கிழமை நல்லாத்தானே இருந்தாய்" எண்டு குறுக்க போகாதேங்கோ. தேதி ஞாபகம் வைச்சிருக்கிறது, கிளினிக்ல அவ மறந்ததை எடுத்துச் சொல்றது, இதுக்கு நீங்க நல்ல ஆள்.

கேள்வி: பேர், ஊர் போட வேண்டாம். கணவனோட சேரேக்க உள்ளுக்கு ஆழமா நோகுது, அடுத்த நாளும் இருக்கும். இதை ஆம்பிளை டொக்டரிட்ட, அதுவும் மாமியையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு எப்பிடிச் சொல்றது? எனக்கு சிங்களமும் வடிவா வராது.

பதில்: சொல்ல வேண்டிய விசயம் பிள்ளை, இது இந்த வருத்தத்தின்ட முக்கிய அறிகுறியில ஒண்டு. முதல் பதில்ல சொன்ன 1981 அளவிலயே இதுக்கு எண்டு தனி மார்க்ஸ் இருந்தது, டொக்டருக்கு இது புதினமில்ல, அவர் முகம் சுழிக்க மாட்டார். மாமியை வெளியில இருக்கச் சொல்லிக் கேக்கிறதுக்கு மிஸ்ஸியிட்ட மெல்லமா ஒரு சொல் சொன்னாப் போதும், "ஒராள் மட்டும் உள்ள வாங்கோ" எண்டு அவ கூப்பிடுவா. பாஷைக்கு, நம்பிக்கையான சிநேகிதி ஒராளிட்டச் சொல்லி சிங்களத்திலயோ இங்கிலீஷ்லயோ ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்கோ, வாயால சொல்லத் தேவையில்ல, நீட்டினாக் காணும். வாசல்ல நோகுதா உள்ளுக்கா, எவ்வளவு நேரம் இருக்குது, மலம் போகேக்கயும் நோகுதா, பீரியட் நேரத்தில கூடவா எண்டது அதில இருக்கோணும்.

ஒரு விசயம் கன பேர் விடுறது. நோவுக்குப் பயந்து மாசக்கணக்கா விலகியே இருந்திட்டு, "இப்ப நோ இருக்கா" எண்டு கேட்டா "இல்ல" எண்டு சொல்லிடுவினம், ஃபோர்ம்ல பூச்சியம் விழும், சுகம் வந்திட்டுது எண்டு அவர் நினைப்பார். "நோவுக்குப் பயந்து விலகியிருக்கிறன்" எண்டு அப்பிடியே எழுதுங்கோ.

கேள்வி: நோவை எழுத ஆப் நல்லதா, கொப்பி நல்லதா?
(பம்பலப்பிட்டி)

பதில்: எது உங்கட கைக்குக் கிட்டவோ அது. ஆப்ல எழுதுறது எண்டா உங்கட சொந்த விசயம் எங்க போய்ச் சேருது எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ. முக்கியம் என்னெண்டா அண்டண்டைக்கு இரவே எழுதுறது, மாச முடிவில ஒரேயடியா ஞாபகத்தில இருந்து எழுதினா ஆக மோசமான நேரமும் கடைசியா வந்ததும்தான் நினைவில நிக்கும், மிச்ச நாள் கரைஞ்சு போயிடும். நோ இல்லாத நாளும் 0 எண்டு எழுதுங்கோ, வெறுமனே விட்டா மறந்து விட்டதா நோ இல்லாததா எண்டு பிறகு உங்களுக்கே விளங்காது. மருந்து மாத்தினா அந்தத் தேதியைப் பெருசா எழுதுங்கோ, பிறகு முன்னையும் பின்னையும் பாக்கலாம். பெருசாக் குறையோணும் எண்டு இல்ல, முதல் சொன்ன 10 சென்ரிமீற்றர் கோட்டில, அதாவது 100 மில்லிமீற்றரில, 10 மில்லிமீற்றர் குறைஞ்சாலே பொம்பிளையளுக்கு வித்தியாசம் தெரியுது எண்டு கணக்குப் பாத்துச் சொல்லியிருக்கினம், அதாவது ஏழு ஆறானாலும் அது கணக்கில வரும்.

ரெண்டு மூண்டு மாசம் எழுதினாப் பிறகு கொப்பியை அப்பிடியே தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, யாரும் புரட்டிப் பாக்க மாட்டினம். ஒரு ஏ4 தாள்ல சுருக்கி, மேல கடைசி பீரியட் தேதி, அதுக்குக் கீழ ஒவ்வொரு மாசமும் படுத்த நாள் எத்தின, வேலை கெட்ட நாள் எத்தின, ஆகக் கூடின இலக்கம், போட்ட குளிசை. அந்தத் தாளை ரிப்போர்ட் ஃபைலுக்குள்ள சொருகாம வெளியில கையில வைச்சிருங்கோ, கதிரையில இருந்த உடனேயே குடுங்கோ.